தை பிறந்தது, மாசியிலும் நடப்போமா?

ஆண்டு பிறக்கும்போது பெண்களாகிய நாம் மனதுக்குள் எடுத்துக்கொள்ளும் சங்கற்பங்களுள் ஒன்று தவறாமல் வந்துவிடும். "இந்த வருசம் எப்படியும் உடம்பைக் குறைக்கவேணும்" என்பதுதான் அது. தை முதலாந் திகதி விடிந்ததும் கோயில் வீதியிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் புதிய சப்பாத்துகளோடு புதிய முகங்களைக் காணலாம். பொங்கல் வரை அந்தக் கலகலப்பு இருக்கும். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல், மறுநாள் பட்டிப்பொங்கல், அதற்கடுத்த நாட்களில் உறவினர் வருகை, பிள்ளைகளின் பாடசாலை அலுவல்கள், இடையில் ஒரு தடிமன் காய்ச்சல் என்று நாட்கள் ஓடிவிடும். தைப்பூசம் வரும்போது வீதியில் பழையபடி நாய்களும் பால்காரரும் மாத்திரமே மிஞ்சுவர்.

இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் காலை நடைக்குழு ஒன்றைச் சில ஆண்டுகளாக ஒழுங்குசெய்து வருகிறேன். ஒவ்வொரு தை மாதத்திலும் பதினைந்து பேருக்குக் குறையாமல் சேருவார்கள். மாசி நடுப்பகுதியில் ஆறேழு பேர் நிற்பார்கள். யார் நின்றுவிடுகிறார்கள், யார் தொடர்கிறார்கள் என்று அவதானித்து வந்ததில் எனக்கு வியப்பளித்த விடயம் ஒன்றுண்டு. அதிக உற்சாகத்தோடு வந்தவர்கள்தான் பெரும்பாலும் முதலில் நிற்பவர்கள். முதல் நாளே ஒரு மணித்தியாலம் ஓடி, இரவுச் சாப்பாட்டையும் விட்டு, மூன்றாம் நாள் முழங்கால் வலியோடு படுத்துவிடுவார்கள். அதேவேளை, "நான் உங்களோட கோயிலடி மட்டும் வந்திட்டுத் திரும்பிறன் பிள்ளை" என்று தயங்கித் தயங்கி வந்த ஐம்பத்தெட்டு வயது மாமி ஒருவர் இன்றுவரை ஒழுங்காக வருகிறார். அவருக்கு அசாத்தியமான மனஉறுதி இருக்கிறதென்று நான் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஐந்தே காலுக்குப் படலையடியில் நின்று கூப்பிடுவார், அவ்வளவுதான். கூப்பிடுகிறவளைக் காக்கவைக்க மாமிக்குக் கூச்சம்.

மனஉறுதியை நம்பி ஆரம்பிக்கும் காரியம் மனம் சோரும் நாளில் நின்றுவிடும். ஒழுங்கை நம்பி ஆரம்பிக்கும் காரியம் மனம் சோர்ந்தாலும் நடக்கும். எனவே உற்சாகத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கும் சகோதரிகளுக்கு நான் முதலில் சொல்வது, உற்சாகம் இல்லாத நாளுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று யோசியுங்கள் என்பதே.

எதற்காகக் குறைக்கிறோம்?

கலியாண வீட்டுக்குச் சாறி உடுக்க வேண்டும், பழைய சட்டை கொள்ள வேண்டும் என்பவையும் நியாயமான ஆசைகளே. ஆனால் கலியாணம் முடிந்தவுடன் அந்த ஆசையும் முடிந்துவிடுகிறது. எங்கள் குழுவிலுள்ள ஒரு தங்கச்சி சொன்ன காரணம் வேறு. அவருடைய தாயாருக்கு நீரிழிவினால் முதலில் கால் விரலும் பின்னர் முழங்காலுக்குக் கீழும் எடுக்க வேண்டியதாயிற்று. "எனக்கு மெலியிறது முக்கியமில்லை அக்கா. எனக்குக் கால் வேணும்" என்றார் அவர். மழை தூறினாலும் குடையோடு வருபவர் அவர்தான்.

அவருடைய பயம் வீணான பயமன்று. 2005-2006 காலப்பகுதியில் நம் நாட்டில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றின்படி இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்து பிள்ளைப்பேற்றின் பின் சரியாகிவிட்ட தாய்மாரும் தங்களுக்கு இனிப் பயமில்லையென்று இருந்துவிடக் கூடாது. அவர்களுக்குப் பிற்காலத்தில் அது திரும்ப வரும் சாத்தியம் மற்றவர்களை விட அதிகம்.

தடுக்க முடியுமா என்றால், முடியும். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002 ஆம் ஆண்டு முடிவுகள் வெளியான பெரிய ஆய்வொன்றில், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 3,234 பேர் பங்குபற்றினர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு இரண்டு இலக்குகள் கொடுக்கப்பட்டன. உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பது ஒன்று, கிழமையில் 150 நிமிடம் விரைவாக நடப்பது போன்ற உடற்பயிற்சி மற்றது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் இவர்களிடையே நீரிழிவு ஏற்படுவது 58 சதவீதத்தினால் குறைந்தது. மெற்போமின் மாத்திரை எடுத்தவர்களிடையே 31 சதவீதம்தான் குறைந்தது. எழுபது கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணுக்கு 7 சதவீதம் என்பது ஐந்து கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இருபது கிலோ குறைத்து சினிமா நடிகை போல ஆக வேண்டியதில்லை. ஐந்து கிலோவே ஒரு காலைக் காப்பாற்றக்கூடும்.

அந்த அரை மணித்தியாலம் யாருடையது?

கூட்டங்களில் இதைக் கதைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்பும். "காலமை நாலரைக்கு எழும்பினால் இரவு பத்து மட்டும் நிண்டுகொண்டுதான் இருக்கிறம். இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" நியாயமான கேள்விதான். வீட்டுவேலையும் உடல் அசைவுதான். எந்த அசைவும் பயனுள்ளது, பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில் கூறியிருக்கிறது. ஆனால் எங்கள் அம்மம்மாமார் செய்த வேலையையும் நாம் செய்யும் வேலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் துலாவில் தண்ணீர் அள்ளினார்கள், உரலில் மா இடித்தார்கள், ஆட்டுக்கல்லில் அரைத்தார்கள். எமக்கு மோட்டரும் கிரைண்டரும் மில்லும் வந்துவிட்டன. வந்தது நல்லதே. அந்தக் கஷ்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பது களைப்பைத் தருமேயொழிய இதயத்துக்கு வேண்டிய வேலையைத் தராது. அளவு சுலபமானது: நடக்கும்போது பக்கத்திலுள்ளவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு இடங்கொடுக்கக் கூடாது. அந்த வேகத்தில் கிழமைக்கு 150 நிமிடம் போதும். ஐந்து நாள், அரை மணித்தியாலப்படி.

சிக்கல் அந்த அரை மணித்தியாலத்தில்தான் இருக்கிறது. நடை நின்று போனவர்களிடம் காரணம் கேட்டால் அலுப்பு, நித்திரை என்று சொல்பவர்கள் குறைவு. "இவருக்குத் தேத்தண்ணி போடவேணும்", "பிள்ளைக்குச் சாப்பாடு கட்டவேணும்", "மாமிக்குப் பிடிக்கேல்லை" என்பவைதான் வரும். ஆகவே இது தனியொரு பெண்ணின் மனஉறுதி பற்றிய விடயம் அல்ல. வீட்டிலுள்ளவர்கள் அனைவரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டிய நேர ஒழுங்கு இது. கணவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றத் தெரியாமல் இருக்காது. பதின்மூன்று வயது மகனுக்குத் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே கட்டத் தெரியாவிட்டால் பழக்குவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆண்டு பிறக்கும்போது வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் இதைப் பேசித் தீர்த்துக்கொண்ட பெண்கள்தான் எங்கள் குழுவில் நிலைத்தவர்கள். பேசாமல் இருந்து, தாமே இன்னும் அரை மணித்தியாலம் முன்னதாக எழும்பிச் சமாளிக்கலாம் என்று பார்த்தவர்கள் இரண்டு கிழமையில் களைத்துவிட்டார்கள்.

அடுத்தது வீதி. தை மாதத்தில் காலை ஆறு மணிக்கும் எங்கள் பக்கம் முழுதாக விடிந்திருக்காது. நாய், இருட்டு, சந்தியில் நிற்கும் இளைஞர்களின் கேலிப் பேச்சு இவற்றைப் பெண்ணொருத்தி தனியே எதிர்கொள்வது கஷ்டம். நான்கு பேர் சேர்ந்தால் அதே சந்தி சாதாரண சந்தியாகிவிடுகிறது. "கோயில் வீதியில பொம்பிளையள் என்ன ஓட்டப் போட்டியோ?" என்று முதல் வருடம் கேட்ட பெரியவர் ஒருவர் இப்போது தன் மனைவியையும் அனுப்புகிறார். அவரும் வந்தால் இன்னும் நல்லது. வெளியே செல்ல முடியாதவர்கள் வீட்டு விறாந்தையில் நடக்கலாம். இரவு நாடகம் பார்க்கிறவர்கள் விளம்பரம் போகும்போது எழுந்து நின்ற இடத்திலேயே கால்களை உயர்த்தி நடக்கலாம். விளம்பரங்களுக்கு நம் தொலைக்காட்சியில் பஞ்சமில்லை.

2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது ஸ்கூட்டியைக் கொட்டிலில் விட்டுவிட்டுச் சைக்கிளைத் தூசு தட்டி எடுத்த பெண்கள் பலர். சைக்கிள் எமக்குப் புதிதன்று. யுத்த காலத்தில் பெற்றோலின்றி ஊர் முழுவதும் மிதித்துத் திரிந்தவர்கள்தானே நாம். இப்போது பெற்றோல் கிடைக்கிறது, சைக்கிள் மீண்டும் மூலைக்குப் போய்விட்டது. சந்தைக்கும் கோயிலுக்கும் மாத்திரமாவது அதைத் திரும்ப எடுக்கலாம். போய்வருகிற வேலையும் முடியும், தனியாக நேரம் ஒதுக்கவும் தேவையில்லை.

தராசை விட அளவு நாடா

பெண்களின் உற்சாகத்தைக் கெடுப்பதில் தராசுக்கு நிகரில்லை. முதற் கிழமையில் ஒன்றரைக் கிலோ குறைந்தால் துள்ளிக் குதிப்பார்கள். அதில் பெரும்பகுதி உடலிலிருந்து வெளியேறிய நீர். அடுத்த கிழமை அரைக் கிலோ கூடினால் எல்லாம் வீண் என்று கைவிடுவார்கள். அதுவும் பெரும்பாலும் நீர்தான். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடல் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் நிறை கூடித் தெரியும். முதல் நாள் உப்பு அதிகம் சாப்பிட்டிருந்தாலும் அப்படித்தான். ஆகவே நாளாந்தம் தராசில் ஏறி இறங்குவதை விட, கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம், காலைச் சாப்பாட்டுக்கு முன் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும். இரண்டு மாதத்துக்குப் பின் கொப்பியைப் புரட்டினால் உண்மை தெரியும்.

தராசு இல்லாத வீட்டிலும் தையல் அளவு நாடா இருக்கும். எம்மவருக்கு உடம்பு முழுவதும் பருக்காமல் வயிற்றில் மாத்திரம் கொழுப்புச் சேர்வது வழக்கம். அந்தக் கொழுப்புத்தான் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவிடுகிறது. எனவே தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பைச் சுற்றி 80 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம் என்பதையே எல்லையாகக் கொள்கிறார்கள். நிறையைப் பொறுத்தவரையிலும் வெள்ளைக்காரர்களுக்கான அட்டவணை எமக்குப் பொருந்தாது. ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் கூறியது. ஐந்தடி உயரமான பெண்ணுக்கு அது ஏறக்குறைய 53 கிலோ.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே மெலிந்திருக்கும் இளம்பெண்கள் பட்டினி கிடக்கத் தொடங்க வேண்டாம். எங்கள் ஊரில் உடம்பு கூடினவர்களும் இருக்கிறார்கள், இரத்தசோகையோடு சரியான சாப்பாடின்றி இருப்பவர்களும் இருக்கிறார்கள். சிலவேளை இருவரும் ஒரே வீட்டில். "ஏழு நாளில் ஏழு கிலோ" என்று விற்கப்படும் தூள்களையும் தேயிலைகளையும் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் பதில், அந்தக் காசுக்கு நல்ல செருப்பு ஒன்று வாங்குங்கள் என்பதே.

சாப்பாட்டு விடயம்

சாப்பாட்டைப் பற்றி ஒரு பெரிய பட்டியலே போடலாம். போட விருப்பமில்லை. பட்டியல்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டபடியே மங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைத் தொடங்குங்கள், தேநீரிலிருந்து.

ஒரு நாளைக்கு ஐந்து முறை தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டிச் சீனி என்று வையுங்கள். பத்துத் தேக்கரண்டி, சுமார் ஐம்பது கிராம். இருநூறு கலோரி. ஒரு தேநீர்க் கோப்பை நிறையச் சோறு சாப்பிடுவதற்குச் சமம் அது. அரை மணித்தியாலம் விரைவாக நடந்தால் செலவாவது நூறு முதல் நூற்றைம்பது கலோரிதான். ஆகவே நடந்து வந்த களைப்புக்குச் சீனித் தேநீரும் ஒரு றோல்ஸும் எடுத்தால் கணக்கு எங்கே போய் நிற்குமென்று நான் சொல்லத் தேவையில்லை. நாளொன்றுக்கு ஆறு தேக்கரண்டிச் சீனிக்குள், அதாவது இருபத்தைந்து கிராமுக்குள் நின்றால் மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. ஒரேயடியாக நிறுத்தினால் நாக்கு சண்டை பிடிக்கும். கிழமைக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும். கடையில் வாங்கும் குளிர்பானப் போத்தலில் ஒட்டியிருக்கும் நிறப் புள்ளியைப் பாருங்கள். 2016 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இது கட்டாயம். நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 இலிருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைவென்றால் பச்சை. எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் விளங்கக்கூடிய ஏற்பாடு.

அடுத்தது சோறு. கோப்பையின் பாதியை மரக்கறியும் கீரையும் எடுக்கட்டும், கால்வாசி சோறு, கால்வாசி மீன், பருப்பு அல்லது முட்டை. வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் எந்த விலைவாசியிலும் எட்டக்கூடியவை. குரக்கன் பிட்டு நல்லது என்று கேள்விப்பட்டு நீத்துப்பெட்டி முழுவதையும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குரக்கனும் மாதான், அளவு அதற்கும் உண்டு.

இதைவிட முக்கியமாக ஒன்று. நம் வீடுகளில் பெண்கள் தமக்கென்று ஒரு கோப்பையில் போட்டுச் சாப்பிடுவது குறைவு. எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியில் மிஞ்சியதை, பிள்ளை விட்டதை, "எறியக் கூடாது" என்று சாப்பிடுகிறோம். எவ்வளவு சாப்பிட்டோமென்று எமக்கே தெரியாது. வீட்டுக்காரரோடு ஒன்றாக அமர்ந்து, கோப்பையில் ஒரே தடவை போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். மிஞ்சியது மிஞ்சியதுதான். அது கோழிக்கோ நாய்க்கோ போகட்டும், அல்லது நாளை கொஞ்சம் குறைத்துச் சமைக்கலாம்.

ஒரு நாள் தவறினால்

ஒரு பழக்கம் ஊன்ற எத்தனை நாளாகும்? இருபத்தொரு நாள் என்று பலர் சொல்வார்கள். லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், அது நடுத்தரமாக 66 நாள் என்று தெரியவந்தது. சிலருக்கு 18 நாளில் ஊன்றியது, சிலருக்கு 254 நாள் ஆகலாம் என்றும் கணித்தார்கள். தை முதலாந் திகதி தொடங்கியவருக்கு அறுபத்தாறாம் நாள் பங்குனி ஏழாந் திகதி வரும். மறுநாள் சர்வதேச மகளிர் தினம். இருபத்தொரு நாளில் பழகவில்லையே என்று தை மாதக் கடைசியில் கைவிடுபவர்கள், பாதி வழியில்கூட நிற்கவில்லை, மூன்றிலொரு பங்கு வழியில் நிற்கிறார்கள். அதே ஆய்வு கூறிய இன்னொரு விடயம் எனக்கு மிகவும் பிடித்தது: இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் ஊன்றுவது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை. செத்தவீடு, காய்ச்சல், மழை, விருந்தாளி என்று நாள் தவறத்தான் செய்யும். தவறிய மறுநாள் என்ன செய்கிறோம் என்பதுதான் கணக்கு. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் மூன்றாம் நாள் நடை அவருடைய வீட்டு வாசலால் போகும். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டோம், படலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவோம்.

கைத்தொலைபேசியில் அடி எண்ணுகிறவர்கள் பத்தாயிரம் ஆகவில்லையென்று மனம் வருந்துவதையும் காண்கிறேன். அந்தப் பத்தாயிரம் 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியொன்றின் பெயரிலிருந்து வந்தது. வைத்திய ஆய்விலிருந்து வந்ததன்று. சராசரியாக 72 வயதுடைய அமெரிக்கப் பெண்களை அவதானித்து 2019 இல் வெளியான ஆய்வொன்றில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களே 2,700 அடி நடந்தவர்களை விட இறப்பு அபாயம் குறைந்தவர்களாக இருந்தனர். 7,500 க்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. முழங்கால் நோவுள்ள அம்மாமாருக்கு இது ஆறுதலான செய்தி.

மூன்றாம் நான்காம் மாதத்தில் நிறை குறைவது நின்றுவிட்டது போலத் தோன்றும். பாரம் குறைந்த உடம்புக்குச் சக்தி குறைவாகத்தான் தேவைப்படும், அதனால்தான். அப்போது நடையோடு கிழமைக்கு இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியையும் சேர்க்க வேண்டும். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து இருப்பது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர் நிறைத்த போத்தலிரண்டைத் தூக்கி இறக்குவது போதும். இதற்கு ஜிம்முக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

தொடங்குமுன் ஒரு தடவை சோதித்துக்கொள்வது நல்லது. 2011 ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார நிலையங்களிலும் ஆரோக்கிய வாழ்வுக்கான நிலையங்களை ஆரம்பித்து, நிறை, உயரம், குருதி அமுக்கம், குருதிச் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்து வருகிறது. நெஞ்சு நோ, மூச்சு வாங்குதல், தலைச்சுற்று உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறுவயிற்றில் நடக்கக் கூடாது. சீனி இறங்கி மயக்கம் வந்தால் எடுக்க ஒரு இனிப்பு கையில் இருக்கட்டும். வெறுங்காலுடனும் அவர்கள் நடக்கக் கூடாது, கோயில் வீதியாக இருந்தாலும் சரி. நேர்த்திக்கு வேறு வழி இருக்கிறது.

சித்திரைப் புத்தாண்டு வரும்போது எமக்கு இரண்டாவது தொடக்கம் கிடைக்கும். புது ஆண்டு, புது மாதம், பிறந்தநாள் போன்ற நாட்களை ஒட்டி மக்கள் புதிய முயற்சிகளை அதிகம் தொடங்குவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2014 இல் எழுதியிருந்தார்கள். எங்களுக்கோ ஆண்டில் இரண்டு புது வருடம். தையில் விட்டவர்கள் சித்திரையில் வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பலகாரச் சூட்டு நாட்களில் காலையில் யாராலும் வர முடியாதென்பதால், அந்தக் கிழமை மாத்திரம் நடை மாலை ஐந்தரைக்கு, வாசகசாலையடியிலிருந்து. பயற்றம்பணியாரம் கொண்டுவருபவர்கள் ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் கொண்டுவர வேண்டும் என்பதும் சென்ற கூட்டத்தில் தீர்மானமாகியிருக்கிறது. இரண்டு கேட்டவர்களின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.